இலவச மின்னஞ்சலின் செலவு யாருடையது?

ஜொகூர் பாரு அஞ்சலகத்தில் கடிதம் அனுப்ப அஞ்சல்தலை வாங்குகிறோம். மின்னஞ்சல் அனுப்பவோ பெரும்பாலோர் ஒரு சென்கூடக் கொடுப்பதில்லை. அப்படியென்றால், அச்செலவை ஏற்பவர் யார்?

கூகுள் நிறுவனம் 2004-ஆம் ஆண்டு ஜிமெயிலை அறிமுகப்படுத்தியது. பிற இலவச சேவைகள் சில மெகாபைட் இடமே தந்த காலத்தில், அது 1 கிகாபைட் வழங்கியது. விளம்பரங்களின் வழி அதற்கு வருமானம் கிடைத்தது. பொருத்தமான விளம்பரங்களைக் காட்ட, கணினி நிரல்கள் மடல்களின் உள்ளடக்கத்தை ஆராய்ந்தன. அவ்வழக்கத்தைக் கைவிடுவதாக 2017-இல் கூகுள் அறிவித்தது, விளம்பரங்களோ தொடர்கின்றன.

தமிழ்நாட்டில் வேரூன்றிய ஸோஹோ நிறுவனம் வேறு வழியில் சென்றது. 2008-இல் வெளிவந்த அதன் மின்னஞ்சலில் விளம்பரங்கள் இல்லை. வணிக நிறுவனங்கள் செலுத்தும் கட்டணமே அதனைத் தாங்குகிறது.

2020-இல் அமெரிக்காவில் அறிமுகமான ‘ஹே’ இன்னும் மாறுபட்டது. அதன் ஆண்டுக் கட்டணம் 99 அமெரிக்க டாலர். அறிமுகமில்லாதவர் மடல் அனுப்பினால், நாம் அனுமதித்த பின்னரே அது அஞ்சல்பெட்டியைச் சேரும். ஆயினும், மாணவருக்கு இக்கட்டணம் பெருஞ்சுமை. மேலும், அதன் மடல்களைப் பிற மின்னஞ்சல் செயலிகளில் படிக்க இயலாது.

ஆகவே, இலவசமானது தீயது என்றோ கட்டணமுள்ளது சிறந்தது என்றோ முடிவுகட்டக் கூடாது. நாளை பல்கலைக்கழகத்திற்கும் வேலைக்கும் விண்ணப்பிக்கும்போது நாம் எழுதப்போவது இந்த முகவரியைத்தான். கணக்கைத் திறக்கும் முன் மூன்று வினாக்களுக்கு விடை தேடுவோம்: செலவை யார் ஏற்கிறார்? என் தகவல்கள் எதற்குப் பயன்படுகின்றன? வேறு சேவைக்கு மாறினால், என் மடல்களை எடுத்துச் செல்ல முடியுமா?