காற்றை அகற்றி உணவைக் காத்தல்

உலு திராம் போன்ற ஈரக்காற்று மிக்க ஊர்களில் அப்பளம் நமத்துப்போவதும் அரிசியில் வண்டு பிடிப்பதும் நாம் அறிந்தவையே. பையிலுள்ள காற்றை உறிஞ்சி, அதன் வாயை உருக்கி ஒட்டும் சிறு பொறி இன்று இல்லங்களுக்கும் வந்துவிட்டது. அதன் தத்துவம் நமக்குப் புதிதன்று. ஊறுகாயின்மேல் நம் பாட்டிமார் நிற்கவிட்ட நல்லெண்ணெயும் காற்றைத் தடுக்கும் மூடியே.

உயிர்வளி இன்றேல் வண்டு மடியும், பூஞ்சணம் தழைக்காது, எண்ணெய்ப் பண்டம் எளிதில் சிக்கு நாற்றம் கொள்ளாது.

அங்ஙனமாயின் எல்லா உணவும் பையில் கெடாதிருக்கும் எனக் கொள்ளலாமோ? கொள்ளலாகாது. போட்டுலினம் எனும் நுண்ணுயிர் உயிர்வளி இல்லாத இடத்திலேயே செழிப்பது. 1895இல் பெல்ஜிய நாட்டில் பன்றித்தொடை உண்டோர் நோயுற்றபோது, எமில் வான் எர்மெங்கம் அதனை ஆராய்ந்து இனங்கண்டார். அதன் நஞ்சு மூச்சையே நிறுத்தவல்லது. உணவின் மணம் மாறாமலும் இருக்கக்கூடும். ஊறுகாயை எண்ணெய் மட்டுமா காத்தது? உப்பும் புளிப்புமன்றோ உடன்நின்று காத்தன!

ஆகவே, நன்கு உலர்ந்த பண்டங்களைப் பையிலடைத்து வெளியே வைக்கலாம். மீன், இறைச்சி, சமைத்த கறி ஆகியவற்றை அடைத்தவுடன் உறையவைத்தல் வேண்டும். உறைந்த மீனை இளக்குமுன் பையைத் திறத்தல் வேண்டும். காற்றை அகற்றுதல் குளிருக்குத் துணையாகுமேயன்றி ஈடாகாது.