சக்கர நாற்காலியில் சென்னை: பல ஆண்டு கழித்துத் திரும்புவோர் காணும் நகரம்

மெட்ராஸ் 1996-இல் சென்னையாகப் பெயர் மாறுவதற்கு முன்பே ஊரைவிட்டுப் போன பலர், ஓய்வுக் காலத்தைக் கழிக்கத் திரும்பி வருகிறார்கள். போகும்போது நடந்து போனவர்களில் சிலர் விபத்தாலோ பக்கவாதத்தாலோ சக்கர நாற்காலியில் வருகிறார்கள். அவர்கள் மனத்தில் இருக்கும் வழிகளெல்லாம் நடந்து பழகியவை: அக்கால நகரப் பேருந்தான பல்லவனின் உயரமான படிகள், சுரங்கப்பாதைகள், மெரினா மணல். அந்த வழிகளில் எவை இன்று திறந்திருக்கின்றன என்பதை அவர்கள் புதிதாகத்தான் கண்டறிய வேண்டும்.

சட்டம் தந்த உரிமை

அவர்கள் ஊரைவிட்டுப் போன காலத்தில் தடையற்ற வழிகளுக்கெனத் தனிச் சட்டம் கிடையாது. 1995-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம், அரசின் பொருளாதார வசதிக்கு உட்பட்டு என்ற நிபந்தனையோடு தடையற்ற சூழலைப் பேசியது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அதை உரிமையாக்கியது. பழைய பொதுக் கட்டடங்களை மாற்றியமைக்க ஐந்தாண்டு கெடுவும் வைத்தது. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருக்கக்கூடாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ரயிலும் பேருந்தும்

பெரிய மாற்றம் மெட்ரோவில் தெரிகிறது. 2015 ஜூன் 29 அன்று கோயம்பேடு–ஆலந்தூர் இடையே ஓடத் தொடங்கிய இந்த ரயில், அடுத்த ஆண்டே விமான நிலையத்தை எட்டியது. தெருமட்டத்திலிருந்து நடைமேடை வரை லிஃப்டிலேயே போய்விடலாம். பெட்டியின் தளமும் நடைமேடையும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருப்பதால் யாரும் தூக்கிவிட வேண்டியதில்லை. பழைய புறநகர் மின்சார ரயிலில் வாசலுக்கும் நடைமேடைக்கும் இடையே உயர வேறுபாடும் இடைவெளியும் உண்டு. துணையில்லாமல் ஏறுவது கடினம்.

தாங்கள் ஏறக்கூடிய பேருந்துக்காக மாற்றுத்திறனாளிகள் சென்னை உயர் நீதிமன்றத்தில் நெடுங்காலம் போராடினார்கள். அதன் பிறகே 2024 ஆகஸ்டில் மாநகரப் போக்குவரத்துக் கழகம் புதிய தாழ்தளப் பேருந்துகளை இயக்கத் தொடங்கியது. வழக்கமான பேருந்தின் தளம் சுமார் 900 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும். இவற்றில் அது 400 மில்லிமீட்டர்தான். நிறுத்தத்தில் வண்டி இடப்பக்கம் சற்றுத் தாழ்கிறது. வாசலில் மடித்து வைத்திருக்கும் பலகையை விரித்து நடைபாதை விளிம்பில் சாய்த்தால் நாற்காலி உள்ளே போய்விடும். ஆனால், ஓட்டுநர் விளிம்பை ஒட்டி நிறுத்த வேண்டும். நடுச்சாலையில் நிறுத்தினால் பலகை சாலை மட்டத்துக்கே இறங்கும். சரிவு செங்குத்தாகி ஏறுவது ஆபத்தாகிவிடும்.

நடைபாதையும் கடற்கரையும்

நடைபாதையின் விளிம்பு 150 மில்லிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவு விகிதப்படி அதற்கு 1.8 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். பல தெருக்களில் அரை மீட்டரில் சிமென்டைப் பூசி முடித்துவிடுகிறார்கள். அதில் நாற்காலி பின்னால் கவிழக்கூடும். சாய்தளம் சரியாக இருந்தாலும், இருசக்கர வாகனங்களைத் தடுக்க நட்ட குட்டைத் தூண்களுக்கு இடையே பல இடங்களில் நாற்காலி நுழைவதில்லை. மின்பெட்டியும் நிறுத்திய வண்டிகளும் மீதி வழியை அடைத்துக்கொள்கின்றன. 2019-இல் அகலமான நடைபாதையோடு புதுப்பித்துத் திறக்கப்பட்ட பாண்டி பஜார் கடைவீதி, இந்த ஊரில் இதைச் சரியாகச் செய்ய முடியும் என்பதற்குச் சான்று.

மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, மணலைக் கடந்து அலை வரை செல்லும் 263 மீட்டர் நீள நிரந்தர மரப்பாதை 2022 நவம்பரில் திறக்கப்பட்டது. அடுத்த சில நாட்களிலேயே மாண்டஸ் புயலில் அது சேதமடைந்து, பின்னர் சீரமைக்கப்பட்டது. அமைப்பதோடு வேலை முடிவதில்லை. பலகைகளில் சேரும் மணலைக்கூட அவ்வப்போது அகற்றினால்தான் சக்கரம் உருளும்.

வீடு

தனி வீடுகள் இருந்த மனைகளில் லிஃப்ட் வைத்த அடுக்குமாடிகள் எழுந்திருப்பது திரும்பி வருவோருக்கு அனுகூலம். ஆனாலும், வாகன நிறுத்தத் தளத்திலிருந்து லிஃப்டை அடைய மூன்று நான்கு படிகள் இருப்பதுண்டு. 45 சென்டிமீட்டர் உயரப் படிக்கட்டுக்கு மாற்றாக 5.4 மீட்டர் சாய்தளம் வேண்டும். கட்டி முடித்த பிறகு அதற்கு இடம் தேடுவது கடினம். சாலை மட்டம் உயர்ந்துகொண்டே போவதாலும் 2015 வெள்ளத்தின் அச்சத்தாலும் வீடுகளை மேடாக்குவதால் வாசல் இன்னும் எட்டாததாகிறது. உள்ளே, இரண்டரை அடி அகலக் குளியலறைக் கதவு அடுத்த தடை. வீடு பார்க்கப் போகும்போது டேப்பைக் கையோடு கொண்டுபோய் வாசல், லிஃப்ட், குளியலறை மூன்றையும் அளப்பது அவசியம்.

செய்ய வேண்டியது

சென்னையில் நல்ல நிலையங்களும் நல்ல பேருந்துகளும் வந்துவிட்டன. அவற்றை இணைக்கும் கடைசி 500 மீட்டர்தான் பல இடங்களில் அறுந்து கிடக்கிறது. வீட்டு வாசலில் தொடங்கி மருத்துவமனையிலோ நூலகத்திலோ முடியும் முழுப் பயணத்தில் ஒரே ஒரு படி குறுக்கிட்டாலும், மற்ற வசதிகள் அனைத்தும் அந்தப் பயணிக்கு வீண். எனவே மெட்ரோவும் மாநகராட்சியும் போக்குவரத்துக் கழகமும் தத்தம் எல்லையோடு நிறுத்திக்கொள்ளாமல் வழித்தடத்தை முழுமையாகச் சோதிக்க வேண்டும். சக்கர நாற்காலியில் செல்வோரையே அழைத்துச் சென்று சோதிக்க வேண்டும். அவர்கள் சுட்டும் தடைகளை நீக்கினால் முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தையோடு வருவோருக்கும் அதே வழி எளிதாகும்.