பதில் போச்சா, போகலையா? சி.ஆர்.எம். சாப்ட்வேரில் தொலையும் மெயில்கள்

"தம்பி, உங்க சாப்ட்வேர் பொய் சொல்லுதா, இல்ல எங்க ஆளு பொய் சொல்றாருங்களா? ரெண்டுல ஒண்ணு எனக்குத் தெரிஞ்சாகணும்."

கோவையில் பம்ப் செட் உதிரிபாகங்கள் விற்கும் ஒரு சிறு நிறுவனத்தின் உரிமையாளர் ஒரு திங்கட்கிழமை காலை போனில் என்னிடம் கேட்ட கேள்வி இது. அவர்களுக்கு சி.ஆர்.எம். சாப்ட்வேரை அமைத்துக் கொடுத்தது எங்கள் குழு. பல ஆண்டுகளாக அவர்களிடம் வாங்கும் ஒரு வாடிக்கையாளர், செவ்வாய்க்கிழமை மெயிலில் விலை கேட்டிருக்கிறார். சனிக்கிழமை வேறு கடையில் வாங்கிவிட்டார். விற்பனைப் பிரதிநிதியோ, "நான் அன்னைக்கு சாயங்காலமே பதில் போட்டுட்டேனுங்க" என்கிறார். சாப்ட்வேரில் பதில் எதுவும் இல்லை. அந்த மாத இன்சென்டிவை நிறுத்தப் போவதாக உரிமையாளர் சொல்லிவிட்டார்.

ஐம்பது வயதைத் தாண்டிய அந்த மனிதருக்குக் கம்ப்யூட்டர் அவ்வளவாகப் பழக்கமில்லை. எனவே சந்தேகம் அவர் மேல் விழுந்ததில் வியப்பில்லை. உண்மையில் நடந்தது என்ன என்று பார்ப்போம்.

சி.ஆர்.எம். என்ன செய்கிறது?

ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, அவருடைய போன் எண், வாங்கிய பொருட்கள், அவருடன் நடந்த மெயில் போக்குவரத்து ஆகிய அனைத்தையும் அதில் காட்டும் சாப்ட்வேர்தான் சி.ஆர்.எம். வரும், போகும் மெயில்களை உரிய பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையை டிராக்கிங் என்கிறோம்.

இதற்காக சாப்ட்வேர் மெயிலின் பொருளைப் படித்துப் புரிந்துகொள்வதில்லை. பொதுவாக மூன்று அடையாளங்களைத்தான் தேடுகிறது.

1. அனுப்பியவரின் முகவரி. அது ஏதாவது வாடிக்கையாளர் பக்கத்தில் பதிவாகி இருக்கிறதா என்று பார்க்கும்.

2. சப்ஜெக்ட் வரியில் உள்ள குறியீடு. மைக்ரோசாப்ட் டைனமிக்ஸ் போன்றவற்றில், சி.ஆர்.எம். என்ற எழுத்துகளும் அதனுடன் ஒரு எண்ணும் சப்ஜெக்டின் முடிவில் சேரும்படி அமைக்கலாம். வாடிக்கையாளர் 'ரிப்ளை' கொடுத்தால் அந்தக் குறியீடும் கூடவே திரும்பி வரும்.

3. ஹெடரில் உள்ள மெசேஜ் ஐ.டி. ஒவ்வொரு மெயிலுக்கும் இப்படி ஒரு தனி அடையாளம் உண்டு. பதில் மெயிலின் ஹெடரில் 'இன் ரிப்ளை டூ' என்ற வரியில் மூல மெயிலின் ஐ.டி. இருக்கும். ஜிமெயிலில் மெயிலைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' கிளிக் செய்தால் இதை நீங்களே பார்க்கலாம்.

மூன்றும் பொருந்தாவிட்டால் மெயில் அழிந்துவிடாது. எந்தப் பக்கத்திலும் சேராமல் தனிப் பட்டியல் ஒன்றில் கிடக்கும்.

எங்கே தவறியது?

நான் முதலில் சி.ஆர்.எம்.மைத் திறக்கவில்லை. நிறுவனத்தின் பொது மெயில் பாக்ஸை பிரவுசரில் திறந்து, 'சென்ட்' போல்டருக்குப் போனேன். செவ்வாய் இரவு 7.40-க்கு அனுப்பிய பதில் அங்கே இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது செல்போனிலிருந்து அனுப்பியிருக்கிறார்.

அது ஏன் சி.ஆர்.எம்.மில் வரவில்லை? சாப்ட்வேர் இன்பாக்ஸை மட்டும் படிக்கும்படி செட்டிங் வைக்கப்பட்டிருந்தது. சி.ஆர்.எம்.முக்குள் இருந்து அனுப்பினால் பதிவாகும். செல்போன் வழியாகப் போனால் அதற்குத் தெரியாது. அந்த செட்டிங்கை வைத்தவன் நான்தான்.

கதை இதோடு முடியவில்லை. வாடிக்கையாளர் புதன்கிழமை காலையே, "40 எண்ணம் எடுத்தால் விலை குறையுமா?" என்று கேட்டிருந்தார். அந்த மெயிலை சாப்ட்வேர் இறக்கியிருக்கிறது. ஆனால் அது அவர்களுடைய கொள்முதல் பிரிவின் முகவரியிலிருந்து வந்தது. நம் பட்டியலில் அந்த முகவரி இல்லை. செல்போனிலிருந்து போன பதிலில் குறியீடு இல்லாததால் திரும்பி வந்த சப்ஜெக்டிலும் இல்லை. மூல மெயிலையே சி.ஆர்.எம். பார்க்காததால் ஹெடரில் இருந்த ஐ.டி.யும் பொருந்தவில்லை. மூன்று அடையாளமும் தவறி, மெயில் தனிப் பட்டியலில் போய் உட்கார்ந்துகொண்டது. அப்படி ஒரு பட்டியல் இருப்பதே அங்கு யாருக்கும் தெரியாது.

இன்னொரு வினையும் சேர்ந்துகொண்டது. மெயிலை இறக்கியவுடன் சாப்ட்வேர் அதைப் 'படித்தாயிற்று' என்று குறித்துவிட்டது. அதனால் செல்போனிலும் அது புதிய மெயிலாகத் தடித்த எழுத்தில் தெரியவில்லை.

'ஆறு முறை திறந்தார்' என்பது சாட்சியா?

உரிமையாளர் இன்னொன்றும் சொன்னார். "போன மாசம் அனுப்புன விலைப்பட்டியலை அவங்க ஆறு தடவை திறந்திருக்காங்கன்னு இதுல காட்டுது. அவ்வளவு ஆர்வமா இருந்தவங்களை விட்டுட்டாரே!"

மெயிலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிக்சல் படத்தை வைத்து அனுப்புவார்கள். அந்தப் படம் சர்வரிலிருந்து எத்தனை முறை எடுக்கப்படுகிறதோ, அத்தனை முறை மெயில் திறக்கப்பட்டதாகக் கணக்கு. இந்தக் கணக்கை இன்று அப்படியே நம்ப முடியாது. 2013 டிசம்பர் முதல் ஜிமெயில் படங்களைத் தன் சொந்த சர்வர்கள் வழியாகவே தருகிறது. 2021-ல் ஐ.ஓ.எஸ். 15-உடன் ஆப்பிள் கொண்டுவந்த வசதியை இயக்கி வைத்திருந்தால், மெயிலை யாரும் திறக்காவிட்டாலும் படம் பின்னணியில் இறங்கிவிடும். படங்களைத் தடுத்து வைத்திருப்பவரோ பத்து முறை படித்தாலும் 'திறக்கவில்லை' என்றே காட்டும். இதை வைத்து யாரையும் எடைபோடாதீர்கள்.

நீங்கள் சரிபார்க்க வேண்டியவை

* மெயில் காணவில்லை என்றால் முதலில் மெயில் பாக்ஸைப் பாருங்கள். அங்கே இருந்தால் கோளாறு டிராக்கிங்கில். அங்கேயும் இல்லாவிட்டால் ஸ்பாம் போல்டரையும், மெயிலை வேறு போல்டருக்கு மாற்றும் பில்டர்களையும் பாருங்கள்.

* ஒரு நாளிலிருந்து எந்த மெயிலுமே வரவில்லை என்றால் லாகின் கோளாறாக இருக்கலாம். தனிநபர் ஜிமெயில் கணக்குகளில், வெறும் பாஸ்வேர்டை மட்டும் கொண்டு மற்ற சாப்ட்வேர்கள் நுழைவதை கூகுள் 2022 மே 30 முதல் நிறுத்தியது. மைக்ரோசாப்ட்டின் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனும் 2022 அக்டோபரில் இதே வேலையைத் தொடங்கியது. கணக்கை சி.ஆர்.எம்.முடன் மீண்டும் இணைத்து, புதிய முறையில் அனுமதி கொடுங்கள்.

* இன்பாக்ஸுடன் 'சென்ட்' போல்டரையும் படிக்கும்படி செட்டிங்கை மாற்றுங்கள். அந்த வசதி இல்லாத சாப்ட்வேர்களில் பெரும்பாலும் ஒரு தனி முகவரி தருவார்கள். செல்போனிலிருந்து அனுப்பும்போது அதை பி.சி.சி.யில் சேர்த்தால் மெயில் பதிவாகிவிடும்.

* ஒரு வாடிக்கையாளருக்கு உள்ள எல்லா முகவரிகளையும் அவர் பக்கத்தில் சேருங்கள். ஒரே முகவரி இரண்டு பக்கங்களில் இருந்தால் மெயில் தவறான இடத்தில் போய்ச் சேரலாம். ஒன்றை நீக்குங்கள்.

* சப்ஜெக்டில் உள்ள குறியீடு அசிங்கமாக இருக்கிறது என்று அழிக்காதீர்கள்.

* சேராத மெயில்களின் பட்டியலை தினமும் காலையில் ஒருவர் பார்க்கட்டும். ஐந்து நிமிட வேலைதான்.

மாற்றங்களைச் செய்த பிறகு, வெளியில் உள்ள ஒரு முகவரியிலிருந்து உங்களுக்கே மெயில் அனுப்பி, செல்போனில் பதில் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள். நான் ஆரம்பத்தில் இந்தச் சோதனையைக் கம்ப்யூட்டரில் மட்டும் செய்திருந்தேன். விற்பனைக்காரர்கள் பாதி நேரம் பஸ்ஸிலும் பைக்கிலும் இருப்பார்கள் என்பது எனக்குத் தோன்றவில்லை.

அன்று மாலையே உரிமையாளரை அழைத்து 'சென்ட்' போல்டரைத் திறக்கச் சொன்னேன். தவறு எங்கள் பக்கம் என்றும் சொன்னேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அவரைக் கூப்பிட்டுப் பேசிக்கிறேன் தம்பி" என்றார். போன ஆர்டர் திரும்பவில்லை. இன்சென்டிவ் மட்டும் கைக்கு வந்தது.

சி.ஆர்.எம். பக்கத்தில் ஒரு பதில் இல்லை என்றால், அந்த சாப்ட்வேர் அதைப் பார்க்கவில்லை என்று மட்டும்தான் பொருள். அந்த மனிதர் அனுப்பினாரா என்பதை மெயில் பாக்ஸில் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.