குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம்

பிறந்த குழந்தைக்குச் செய்யும் தைராய்டு பரிசோதனை ஒரு வாழ்நாளின் அறிவைக் காப்பாற்றும். ஒவ்வொரு பெற்றோரும் கேட்டு வாங்க வேண்டிய பரிசோதனை இது.

“அழவே அழாதுங்க. நாமதான் எழுப்பிப் பால் கொடுக்கணும். தங்கமான பிள்ளை!”

பிறந்து சில வாரங்களே ஆன குழந்தையைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் இப்படிப் பூரித்துச் சொல்வது வழக்கம். பெரும்பாலான குழந்தைகள் விஷயத்தில் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஓயாத தூக்கத்தோடு மலச்சிக்கல், கரகரத்த அழுகை, இரண்டு வாரம் தாண்டியும் மறையாத மஞ்சள்காமாலை, துருத்தி நிற்கும் நாக்கு, பிதுங்கிய தொப்புள், தொட்டால் சில்லென்றிருக்கும் தோல் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தால் கதையே வேறு. அந்தக் குழந்தையின் கழுத்தில் இருக்கவேண்டிய தைராய்டு சுரப்பி சரியாக வேலை செய்யாமல் இருக்கலாம். பிறவியிலேயே வரும் இந்தத் தைராய்டு குறைபாடு, மனவளர்ச்சிக் குறைபாட்டுக்கு உலகில் உள்ள காரணங்களில் மிக எளிதாகத் தடுக்கக்கூடியது. தடுக்கத் தவறினால், இழந்ததை எந்த மருந்தாலும் மீட்க முடியாது.

சிறிய சுரப்பி, பெரிய பொறுப்பு

உமிழ்நீரும் வியர்வையும் குழாய் வழியே வெளியே வருகின்றன. நாளமில்லாச் சுரப்பிகளுக்கு அப்படிக் குழாய் கிடையாது. தாங்கள் உருவாக்கும் ஹார்மோனை அவை நேரடியாக ரத்தத்தில் கலந்துவிடுகின்றன. மூளையின் அடியில் பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி, கழுத்தில் தைராய்டு, அதன் பின்புறம் ஒட்டிக்கொண்டிருக்கும் நான்கு பாராதைராய்டுகள், சிறுநீரகங்களின் தலைமேல் அட்ரீனல்கள், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் திட்டுகள், பெண்ணுக்குச் சினைப்பை, ஆணுக்கு விதைப்பை என்று இவை உடல் முழுக்கப் பரவியிருக்கின்றன. சர்க்கரையின் அளவு, எலும்பின் சுண்ணாம்புச் சத்து, பயந்தால் படபடக்கும் நெஞ்சு, பருவம் எய்துதல், கருத்தரித்தல் எல்லாம் இவற்றின் ஆளுகையில்தான் நடக்கின்றன.

இவற்றில் தைராய்டின் பொறுப்பு தனி. பெரியவர்களுக்கே அது சுமார் 20 கிராம்தான் இருக்கும். உணவிலிருந்து வரும் அயோடினைப் பிடித்து, தைராக்சின் என்ற ஹார்மோனைச் செய்கிறது. டி4 என்று லேப் ரிப்போர்ட்டில் வருவது இதுதான். அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு அயோடின் அணுக்கள் இருக்கும். ஒரு நாளைக்கு நமக்குச் சுரப்பது ஏறக்குறைய 100 மைக்ரோகிராம். 70 ஆண்டுகள் சுரப்பதை மொத்தமாகச் சேர்த்தாலும் இரண்டரை கிராம்தான் வரும்.

இந்தச் சுரப்பைக் கண்காணிப்பது பிட்யூட்டரி. மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் குறைந்ததும் மோட்டார் தானாக ஓடி, நிரம்பியதும் நின்றுவிடுவதைப் போன்ற ஏற்பாடு இது. ரத்தத்தில் தைராக்சின் குறைந்தால் பிட்யூட்டரி டி.எஸ்.எச். என்ற ஹார்மோனை அதிகமாக அனுப்பித் தைராய்டைத் தூண்டும். தைராக்சின் போதுமான அளவுக்கு வந்ததும் குறைத்துக்கொள்ளும். அதனால்தான் டி.எஸ்.எச். மிகவும் ஏறியிருந்தால், தைராய்டு திணறுகிறது என்று மருத்துவர் முடிவுக்கு வருகிறார்.

தலைப்பிரட்டை சொன்ன பாடம்

தைராய்டு என்ன செய்கிறது என்பது மருத்துவ உலகுக்குப் புரிய வெகுகாலம் பிடித்தது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தியோடர் கோக்கர் என்ற அறுவை மருத்துவர், கழுத்துக் கழலை வந்தவர்களுக்குத் தைராய்டை முழுவதுமாக அகற்றிவந்தார். பின்னாளில் அந்த நோயாளிகளைத் திரும்ப வரவழைத்துப் பார்த்தபோது அதிர்ந்துபோனார். பலருக்கு முகம் வீங்கி, பேச்சு மந்தமாகி, சிந்தனை சோர்ந்துபோயிருந்தது. சிறு வயதில் அறுவை செய்யப்பட்டவர்களுக்கு வளர்ச்சியே நின்றிருந்தது. இதை அவர் 1883-ல் வெளிப்படையாக அறிவித்தார். சாதாரணக் கழலைக்குச் சுரப்பியை முழுதாக எடுப்பதையும் கைவிட்டார். தைராய்டு ஆய்வுகளுக்காக 1909-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

1891-ல் இங்கிலாந்தில் ஜார்ஜ் முர்ரே என்ற இளம் மருத்துவர், தைராய்டு செயலிழந்த 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை ஊசியாகப் போட்டார். அவர் தேறி, மேலும் 28 ஆண்டுகள் உயிர்வாழ்ந்தார். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் எட்வர்ட் கெண்டால், டன் கணக்கில் பன்றித் தைராய்டை வடித்தெடுத்து, 1914 டிசம்பர் 25 அன்று தைராக்சினைப் படிகமாகப் பிரித்தார். 1927-ல் அதை ஆய்வுக்கூடத்திலேயே செய்ய முடிந்தது.

இவற்றுக்கிடையே 1912-ல் குடெர்நாட்ச் என்ற ஆய்வாளர் தலைப்பிரட்டைகளுக்குத் தைராய்டுத் திசுவை உணவாகக் கொடுத்தார். அவை வளர்வதை நிறுத்திவிட்டு, பருவத்துக்கு வெகுமுன்பே வால் சுருங்கி, கால் முளைத்து, பொடிப் பொடித் தவளைகளாக மாறின. பின்னர் வந்தவர்கள் தலைப்பிரட்டையின் தைராய்டை அகற்றிப் பார்த்தார்கள். அது பெரிதாக வளர்ந்துகொண்டே போனது. தவளையாக மட்டும் மாறவில்லை. உடம்பின் எடை கூடுவது வேறு, உறுப்புகள் உரிய நேரத்தில் உருப்பெறுவது வேறு என்பது அதில் தெளிவானது. மனிதக் குழந்தையின் மூளைக்கும் இதே விதிதான். நரம்பு இழைகளுக்கு உறை போடுவதும், நரம்புச் செல்கள் ஒன்றோடொன்று இணைவதும் தைராக்சின் இல்லாமல் முறையாக நடக்காது. பிறந்ததிலிருந்து முதல் மூன்று ஆண்டுகள் இந்த வேலை மும்முரமாக நடக்கும் காலம்.

தாயின் காவல் தீரும் நாள்

கருவின் தைராய்டு 10 – 12 வாரங்களில்தான் அயோடினைப் பிடிக்கத் தொடங்கும். கர்ப்பத்தின் பாதி வரை குழந்தை தாயின் தைராக்சினையே பெரிதும் நம்பியிருக்கிறது. கர்ப்பம் உறுதியானதும் டி.எஸ்.எச். பார்க்கச் சொல்வது இதனால்தான். தாயின் ஹார்மோன் நஞ்சுக்கொடி வழியாகத் தொடர்ந்து வந்துகொண்டிருப்பதால், தைராய்டே இல்லாத குழந்தையும் பார்வைக்கு நலமாகத்தான் பிறக்கிறது. எடை சரியாக இருக்கும். முகம் களையாக இருக்கும். இந்தக் குறையுள்ள நூறு குழந்தைகளில் 95 பேருக்கும் மேல் பிறந்தவுடன் அறிகுறி எதுவும் தெரியாது.

தொப்புள்கொடியை அறுத்ததும் அந்த வரத்து நின்றுவிடும். தாயிடமிருந்து வந்த இருப்பு நாளுக்கு நாள் கரையும். மேலே சொன்ன அறிகுறிகள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெதுவாகத்தான் வெளியே வரும். அதற்குள் மூளையில் இழப்பு தொடங்கியிருக்கும். எவ்வளவு அனுபவமுள்ள குழந்தைநல மருத்துவரானாலும் முதல் வாரத்தில் கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடித்துவிட முடியாது. ரத்தத்தைச் சோதிப்பது ஒன்றே வழி.

மூன்று நிமிட வேலை

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஜான் டுஸ்ஸோ என்ற மருத்துவர் 1970-களின் தொடக்கத்தில் இதற்கு வழி கண்டார். வேறொரு பிறவிக் குறைபாட்டுக்காக ராபர்ட் கத்ரி என்பவர் ஏற்கெனவே புழக்கத்துக்குக் கொண்டுவந்திருந்த வடிதாள் அட்டையில், உலர்ந்த ஒரு ரத்தப் பொட்டிலிருந்தே தைராக்சினை அளந்து காட்டினார். 1974-ல் அங்கே எல்லாக் குழந்தைகளுக்குமான பரிசோதனை தொடங்கியது. வளர்ந்த நாடுகளில் இன்று இது வழக்கமான நடைமுறை.

செய்முறை எளிது. குழந்தையின் காலை வெதுவெதுப்பான துணியால் சற்று நேரம் சுற்றிவைக்கிறார்கள். குதிகாலின் நடுவில் எலும்பு அருகில் இருப்பதால், ஓரமாகத்தான் குத்த வேண்டும். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, அடுத்துத் திரளும் பெரிய சொட்டை அட்டையில் அச்சிட்ட வட்டத்தில் தொடவைக்கிறார்கள். ரத்தம் வட்டத்தை நிறைத்து, அட்டையின் மறுபக்கமும் ஊறியிருக்க வேண்டும். ஒரே வட்டத்தில் மேலும் மேலும் சொட்டு வைத்தால் கணக்கு தவறிவிடும். வெயில் படாமல், கிடைமட்டமாக வைத்து மூன்று நான்கு மணி நேரம் உலர்த்தி ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். அம்மா மடியில் வைத்துப் பால் கொடுத்துக்கொண்டே எடுத்தால் குழந்தைக்கு வலியும் குறைவு.

நேரம் முக்கியம். பிறந்த அரை மணி நேரத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் டி.எஸ்.எச். இயல்பாகவே எகிறி, பிறகு படிப்படியாக இறங்கும். முதல் நாளே எடுத்தால் நலமான குழந்தையும் நோயாளியாகத் தெரியக்கூடும். ஆகவே 48 மணி நேரம் கழிந்தபின், மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாளுக்குள் எடுப்பது நல்லது. சுகப்பிரசவம் என்றால் இரண்டு நாளில் டிஸ்சார்ஜ் ஆகிவிடுவதும் உண்டு. அப்படிப்பட்ட இடங்களில் பிரசவத்தின்போதே, டி.எஸ்.எச். எகிறுவதற்கு முன், தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்துச் சோதிக்கலாம். குறைமாதக் குழந்தைக்கும், எடை மிகக் குறைந்த குழந்தைக்கும், இரட்டையருக்கும் முதல் பரிசோதனை சரியாக இருந்தாலும் சில வாரங்களில் மறுபடி பார்க்க வேண்டும்.

முதல் சோதனையில் டி.எஸ்.எச். அளவு கூடுதலாக இருந்தால் உடனே பதறத் தேவையில்லை. ஊசியால் ரத்தம் எடுத்து டி.எஸ்.எச்., டி4 இரண்டையும் உறுதிசெய்வார்கள். ஆனால் ‘அடுத்த மாசம் தடுப்பூசிக்கு வரும்போது பார்த்துக்கலாம்’ என்று மட்டும் தள்ளிப்போடக் கூடாது.

ஒரு மாத்திரை, ஒரு பாலாடை

குறை உறுதியானால் சிகிச்சை தைராக்சின் மாத்திரைதான். பிறந்த இரண்டு வாரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும் என்பது மருத்துவர்களின் இலக்கு. எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மைக்ரோகிராம் வரை கணக்கிட்டு மருத்துவர் அளவு சொல்வார். மாத்திரையைப் பொடித்து, கொஞ்சம் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ கரைத்துப் பாலாடையில் உடனே புகட்டிவிட வேண்டும். பால் புட்டியில் கலந்தால் குழந்தை மிச்சம் வைத்துவிடும். மருந்தும் மிச்சத்தோடு போய்விடும். இரும்புச்சத்து, கால்சியம் சொட்டு மருந்துகளைச் சேர்ந்தாற்போல் கொடுக்கக் கூடாது. அவை தைராக்சினை உடலில் ஏறவிடாமல் தடுக்கும். தினமும் ஒரே நேரம் என்று பழக்கிக்கொண்டால் மறக்காது.

வாழ்நாள் முழுக்க மாத்திரையா என்று பெற்றோர் கலங்குவது இயல்பு. இது உடம்பு தானே சுரந்திருக்க வேண்டிய பொருள். சரியான அளவில் கொடுத்தால் பக்கவிளைவுக்கு இடமில்லை. சில குழந்தைகளுக்கு இது தற்காலிகக் குறைபாடாகவும் இருக்கும். மூன்று வயதுக்குப் பிறகு, மூளையின் அவசரக் காலம் கடந்தபின், மருத்துவர் மருந்தை நிறுத்திச் சோதித்துப் பார்ப்பார். அதுவரை ‘பிள்ளை நல்லாத்தானே இருக்கு’ என்று நாமாக நிறுத்துவது பேராபத்து. பிள்ளை நன்றாக இருப்பதே அந்த மாத்திரையால்தான். தைராக்சின் நம் நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மலிவான மாத்திரை. வேளாவேளைக்கு அதைச் சாப்பிட்டு வளரும் குழந்தை மற்றவர்களைப் போலவே பள்ளிக்குப் போகும், கல்லூரிக்குப் போகும், வேலை பார்க்கும், குடும்பம் நடத்தும்.

நமக்கு ஏன் கூடுதல் அக்கறை வேண்டும்?

மேலை நாடுகளில் இரண்டாயிரம் முதல் நாலாயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இந்தக் குறை வருவதாகக் கணக்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஐந்து பெருநகரங்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளைச் சோதித்தபோது, ஏறக்குறைய 1,100-க்கு ஒன்று என்று வந்தது. சென்னை மையத்தில் விகிதம் அதைவிடக் கூடுதல்.

பெரும்பாலும் சுரப்பி உருவாகாமல் போவதோ, நாக்கின் அடியில் இடம் மாறி நின்றுவிடுவதோதான் காரணம். அது யாருடைய குற்றமும் இல்லை. மற்றவர்களுக்குச் சுரப்பி இருக்கும், ஹார்மோன் செய்யும் திறன் இருக்காது. இந்த வகை பெற்றோர் இருவரிடமிருந்தும் வரும் மரபணுக் குறையால் ஏற்படுவது. தாய்மாமன், அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்துக்குள் மணமுடிக்கும் குடும்பங்களில் அதற்கு வாய்ப்பு அதிகம். அப்படி மணம் புரிந்தவர்கள் இந்தப் பரிசோதனையை எக்காரணம் கொண்டும் தவறவிடக் கூடாது.

உப்பும் நம் கதையில் உண்டு. 1956-ல் இமயத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கில் பேராசிரியர் வி. ராமலிங்கசுவாமியின் குழு தொடங்கிய ஆய்வு, அயோடின் சேர்த்த உப்பைக் கொடுத்தாலே கழலை குறையும் என்று நிரூபித்தது. 1962-ல் தேசியத் திட்டம் வந்தது. அதிக உப்பு விளைவிக்கும் மாநிலங்களில் குஜராத்துக்கு அடுத்து இருப்பது தமிழ்நாடு. தூத்துக்குடி உப்பு நாடெங்கும் போகிறது. இருந்தும், 2018-19 தேசிய ஆய்வில் போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் மிகக் குறைவாக இருந்தது இங்கேதான்: சுமார் 62 சதவீதம். கல் உப்பு வாங்குவோர், பாக்கெட்டில் ‘அயோடின் சேர்த்தது’ என்று இருக்கிறதா பார்த்து வாங்க வேண்டும். இந்துப்பு ஆரோக்கியம் என்று நம்பி அதற்கு மாறிய வீடுகளில் கர்ப்பிணி இருந்தால் உடனே அயோடின் சேர்த்த உப்புக்குத் திரும்புவது நல்லது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும், கர்ப்பிணிக்கு 250.

கேட்டு வாங்குங்கள்

கேரளத்தில் அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கு இந்தப் பரிசோதனை திட்டமாகவே நடக்கிறது. நாடு முழுவதும் எல்லா மருத்துவமனைகளிலும் அப்படி நடப்பதாகச் சொல்ல முடியாது. மாடிக் கட்டடத்துத் தனியார் மருத்துவமனையோ, ஊர் ஓரத்து ஆரம்ப சுகாதார நிலையமோ, எங்கே பிறந்தாலும் ஒரு குழந்தையின் அறிவு அதிர்ஷ்டத்தை நம்பி நிற்கக் கூடாது. பிறப்புப் பதிவும் தடுப்பூசியும் எப்படிக் கட்டாயக் கடமையாகிவிட்டனவோ, அப்படியே இதுவும் ஆக வேண்டும். பி.சி.ஜி. போட்டதா என்று பார்க்கும் அதே தாய்-சேய் நல அட்டையில் டி.எஸ்.எச். முடிவுக்கும் ஒரு கட்டம் வேண்டும். அதை நிரப்பாமல் எந்தக் குழந்தையும் விடுபட்டுவிடாதபடி பார்த்துக்கொள்வது அரசின் வேலை.

அந்த நாள் வரும்வரை பொறுப்பு நம்முடையது. பிரசவத்துக்கு நாள் குறித்ததுமே, “குழந்தைக்குத் தைராய்டு டெஸ்ட் எப்போ எடுப்பீங்க?” என்று மருத்துவரிடம் கேளுங்கள். எடுத்தார்கள் என்றால் முடிவை எழுத்தில் வாங்குங்கள். எடுக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டால் முதல் வாரத்துக்குள் குழந்தைநல மருத்துவரிடம் போங்கள். அதுவும் தவறியிருந்தால், இன்றே போங்கள். முடிவு இயல்பாக இருந்தால் மனநிம்மதி. இல்லையென்றால், காலம் கடக்குமுன் கையில் கிடைத்த மருந்து. இரண்டில் எதுவானாலும் உங்கள் குழந்தைக்கு லாபமே.