ஸ்டென்ட் வைத்த பிறகு இரத்தத்தில் நடக்கும் வேலை

மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் குடும்பங்கள் கையில் இரத்தப் பரிசோதனைத் தாளோடு வருகின்றன. மாரடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தாயிற்று, நெஞ்சுவலியும் நின்றுவிட்டது. ஆனால் தாளில் வெள்ளையணு எண்ணிக்கை பதினோராயிரத்தைத் தாண்டி நிற்கிறது. "ஆஸ்பத்திரியில் கிருமி ஏறிவிட்டதா?" என்று பதறுகிறார்கள்.

கிருமித் தொற்று இருக்கிறதா என்பதை டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் மாரடைப்புக்குப் பின் முதல் சில நாட்கள் வெள்ளையணுக்கள் கூடுவது, தொற்றே இல்லாதவர்களுக்கும் நடப்பதுதான். அடைப்பு நீங்கி இரத்தம் மீண்டும் பாயும்போது, அதுவரை பிராணவாயு கிடைக்காமல் இறந்துபோன இதயத் தசையை அப்புறப்படுத்த உடல் ஆள் அனுப்புகிறது.

முதலில் வருபவை நியூட்ரோஃபில்கள். சில மணி நேரத்திலேயே வந்துவிடும். செத்த தசையைக் கரைக்க இவை வெளியிடும் ரசாயனங்கள் சில சமயம் பக்கத்தில் இருக்கும் நல்ல தசையையும் தாக்கும். அடுத்து மோனோசைட்டுகள் வரும். இவற்றில் ஒரு பங்கு மண்ணீரலில் தயாராகக் காத்திருந்து புறப்படுகின்றன என்பதை 2009-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் எலிகளில் கண்டறிந்தார்கள். முதல் சில நாட்கள் மோனோசைட்டுகளுக்கும் குப்பை அள்ளும் வேலைதான். அதன்பின் அவற்றின் குணம் மாறி, தழும்பு கட்டும் வேலைக்குத் துணை நிற்கின்றன.

லிம்போசைட்டுகள் மட்டும் எதிர்த்திசையில் போகின்றன. இரத்தக்குழாயைத் திறந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் இரத்தத்தில் டி வகை அணுக்கள் குறைவதை இங்கிலாந்தின் நியூகாசில் ஆய்வாளர்கள் 2015-ல் வெளியிட்டார்கள். அதனால்தான் நியூட்ரோஃபில் எத்தனை, லிம்போசைட் எத்தனை என்று டாக்டர்கள் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். முன்னது மிக அதிகமாகவும் பின்னது மிகக் குறைவாகவும் நீடித்தால் கூடுதல் கவனம் தேவை.

அப்படியானால் இந்த அழற்சியை மருந்தால் அடக்கிவிடலாமே என்று தோன்றும். பெரிய நிபுணர்களும் முயன்று பார்த்தார்கள். 2017-ல் முடிவு வெளியான கேனகினுமாப் ஊசி ஆய்வில், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் மறு மாரடைப்பு போன்றவை சுமார் 15 சதவீதம் குறைந்தன. ஆனால் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கூடின. கோல்சிசின் மாத்திரை 2019 ஆய்வில் பலன் தந்தது. 2024-ல் வந்த பெரிய ஆய்வில் தரவில்லை. எந்த அணுவை, எப்போது, எவ்வளவு தடுப்பது என்பது இன்னும் பிடிபடவில்லை.

இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் நம் ஊர் மெடிக்கல் ஷாப் பழக்கம்தான். பவர் டேபிளில் ஒன்றரை ஷிப்ட் உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கும். பனியன் பண்டல் தூக்கினால் தோள் வலிக்கும். சீட்டு இல்லாமலே டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். மாரடைப்பு வந்தவர்கள் இப்படிச் செய்யவே கூடாது. 83 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாரடைப்பு நோயாளிகளின் பதிவுகளை டென்மார்க்கில் ஆராய்ந்து 2011-ல் வெளியிட்டார்கள். இவ்வகை வலி மாத்திரைகளைச் சில நாட்கள் எடுத்தவர்களுக்கும் மரண ஆபத்தும் மறு மாரடைப்பு ஆபத்தும் கூடியிருந்தன. டைக்ளோஃபெனாக்கில் அது முதல் வாரத்திலேயே தெரிந்தது. ஸ்டென்டுக்காகக் கொடுக்கும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரலோடு இவை சேர்ந்தால் வயிற்றில் இரத்தக்கசிவும் வரலாம். வலி இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், வேறு மருந்து தருவார்.

இன்னொன்று, வேலைக்குத் திரும்பும் அவசரம். மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ் ஆனதும் காதர்பேட்டைக் கடையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். சீசன் நேரம், சம்பளம் போகும், புரிகிறது. ஆனால் இதயத்தில் உருவாகும் தழும்பு உறுதிப்படப் பல வாரங்கள் ஆகும். மெதுவாக நடக்கலாம், பண்டல் தூக்குவது டாக்டர் சொன்ன பிறகே. மாரடைப்பு வந்து ஆறு வாரம் ஆகாதவர்கள் நோன்பு வைப்பதும் ஆபத்து என்றே இதய மருத்துவர்கள் சொல்கிறார்கள். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு என்பது நாம் அறிந்ததுதான்.

செத்த தசை எவ்வளவு குறைவோ, அவ்வளவுக்கு இந்த அணுக்களுக்கும் வேலை குறைவு. அதைத் தீர்மானிப்பது நாம் ஆஸ்பத்திரி போய்ச் சேரும் நேரம். கோவை டாக்டர் தாமஸ் அலெக்சாண்டர் குழுவினர் தமிழ்நாட்டின் சிறிய ஆஸ்பத்திரிகளைப் பெரிய இதய மையங்களோடு இணைத்து நடத்திய ஆய்வு 2017-ல் வெளியானது. ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள். 2023 முதல் அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் டோஸ் மாத்திரைகள் கிடைக்கின்றன. நெஞ்சு அழுத்தினால் வாயு என்று சோடா குடித்துக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று நகல்களுடன் நம் அலுவலகம் வந்தால் விண்ணப்பிக்க உதவுகிறோம். ஏற்கெனவே சிகிச்சை பெற்றவர்கள் டிஸ்சார்ஜ் சம்மரியையும், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் கொண்டுவாருங்கள். மெடிக்கலில் தானாக வாங்கியதையும் சேர்த்து.