திருமலைப் பயணம்: வாடகைக் காரா, பேருந்தா?

ஆடி பிறந்தால் புலம்பெயர்ந்த எமது உறவுகள் பிள்ளைகளுடன் வரத் தொடங்குவர். கிழக்குக் கடல் அமைதியாயிருக்கும் காலமும் அதுவே. கோணேசர் ஆலயத்தையும் துறைமுகத்தையும் தாம் பிறந்த வீட்டையும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமென்பது அவர்களது அவா. கட்டுநாயக்கவில் இறங்கியதும் காரை வாடகைக்கு எடுத்துத் தாமே ஓட்டிச் செல்வதா, பொதுப் போக்குவரத்தை நம்புவதா என்பதே அவர்கள் எம்மிடம் கேட்கும் கேள்வி.

கட்டணத்தை மட்டும் ஒப்பிட்டு இதற்கு விடை காண முயல்வது தவறு. இலண்டனிலோ ரொறன்ரோவிலோ பெற்ற சாரதி அனுமதிப்பத்திரம் மாத்திரம் இலங்கையில் செல்லாது. சர்வதேச அனுமதிப்பத்திரம் வைத்திருப்போரும் இலங்கை ஆட்டோமொபைல் சங்கத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும். அல்லது மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் தற்காலிக அனுமதிப்பத்திரத்தைப் பெற வேண்டும். 2025 ஆகஸ்ட் மாதம் முதல் இதனை விமான நிலையத்திலேயே வழங்கத் தொடங்கினர். இந்த ஏற்பாட்டைச் செய்யாது வாகனம் ஓட்டி விபத்து நேருமாயின் காப்புறுதி நிறுவனம் கைவிரிக்கக்கூடும். அடிபட்டவர் கந்தளாயில் சைக்கிளில் சென்ற ஓர் ஏழை விவசாயியாயின், அவர் நட்டஈட்டுக்கு யாரிடம் செல்வார்?

கொழும்பிலிருந்து தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாகத் திருமலை சுமார் 260 கிலோமீற்றர். பாதை நல்ல பாதைதான். ஆயினும் ஹபரணைக்கு அப்பால் காடு. இருள் சூழ்ந்தபின் யானைகள் வீதியைக் கடக்கும். 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பகுதியில் பயணிகள் புகையிரதமே யானைக் கூட்டத்தில் மோதித் தடம்புரண்டு 6 யானைகள் மாண்டன. நீண்ட விமானப் பயணக் களைப்புடன், வலப்புறமாக ஓட்டிப் பழகிய கனடா, பிரான்ஸ், சுவிஸ் வாசி ஒருவர் அவ்வீதியில் இரவில் இடப்புறமாக ஓட்டிச் செல்வதை நாம் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டோம்.

புகையிரதம் மெதுவானது, ஆனால் கல் ஓயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதையைப் பிரிந்து, தம்பலகாமத்து வயல்களைக் கடந்து, சீனன்குடாவில் துறைமுகத்து நீரைக் காட்டி நகருக்குள் கொண்டு சேர்க்கும். 2025 நவம்பரில் வீசிய டித்வா புயல் நாட்டின் புகையிரதப் பாதைகள் பலவற்றைச் சிதைத்தமையால், சேவை உண்டா என்பதைப் புறப்படுமுன் கேட்டறிதல் அவசியம். இல்லையேல் பேருந்து இருக்கிறது. தனியார் பேருந்துச் சாரதிகளின் வேகத்தைப் பற்றி எமது வாசகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை, இ.போ.ச. பேருந்தில் பகலில் செல்வது மனதுக்கு ஆறுதல்.

நகரை அடைந்தபின் காருக்கு வேலை குறைவு. கோட்டையும் கோணேசர் மலையும் சந்தையும் முச்சக்கர வண்டிக்குச் சில நிமிடத் தூரமே. ஏறுமுன் கட்டணத்தைப் பேசிக்கொண்டால் போதும். உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் புல்மோட்டை, குச்சவெளி செல்லும் பேருந்துகள் உதவும்.

துறைமுகத்தின் தென்கரை வேறு கதை. கிண்ணியா, மூதூர், சம்பூர், வெருகல் என நீளும் அப்பகுதியில் ஒரு காலத்தில் நீர்த்துறைதோறும் பாதைப் படகுக்குக் காத்து நிற்க வேண்டியிருந்தது. 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்டபின் நிலை மாறியது. எனினும் உட்கிராமங்களுக்கு அது போதவில்லை. குறிஞ்சாக்கேணியில் பாலவேலை முடியாத நிலையில், 2021 நவம்பரில் மிதவைப் படகு கவிழ்ந்து பாடசாலைச் சிறுவர்கள் உட்படப் பலர் உயிரிழந்தனர். இங்கு பேருந்து பிரதான வீதியில் இறக்கிவிட்டுப் போய்விடும். உறவினர் வீடோ அங்கிருந்து பல கிலோமீற்றர் உள்ளே இருக்கும். ஆகவே ஒரு நாளுக்கு, அப்பாதைகளை அறிந்த உள்ளூர்ச் சாரதியுடன் திருமலையிலேயே கார் அமர்த்திக்கொள்வதே பொருத்தம். 2020 முதல் 2025 தொடக்கம் வரை வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தமையால் வாடகைக்கு வரும் வண்டிகளிற் பல பழையவை. டயரையும் பிரேக்கையும் பார்த்தே ஏற வேண்டும்.

கொழும்பிலிருந்தே சாரதியுடன் வாரக்கணக்கில் கார் அமர்த்துவோர், அவரது உணவுக்கும் இரவுத் தங்கலுக்கும் யார் பொறுப்பு என்பதை முன்கூட்டியே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். இரவெல்லாம் காரின் இருக்கையிலேயே முடங்கிக் கிடந்த சாரதிதான் மறுநாள் ஹபரணைக் காட்டு வழியே உங்கள் பிள்ளைகளை ஏற்றிச் செல்லப் போகிறவர்.