ஒரே கணிப்பொறியில் பல லினக்ஸ்

2011 செப்டம்பர் 15 அன்று நம் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில் தொடங்கிய இலவச மடிக்கணிப்பொறித் திட்டம் உங்களுக்கு நினைவிருக்கலாம். அப்போது வழங்கப்பட்ட பொறிகளில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் என இரண்டு இயக்க முறைமைகள் இருந்தன. பாஸ் என்பது டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. இதனுடன் உபுண்டு, பெடோரா ஆகியவற்றையும் அதே பொறியில் வைக்க முடியுமா? முடியும். வன்தட்டைப் பல பிரிவுகளாக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு முறைமையை நிறுவலாம். தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும் திருத்தணிக்காரர்களுக்கு இது வியப்பளிக்காது!

ஆனால், எத்தனை குடித்தனங்கள் இருந்தாலும் வீட்டுக்குத் தெருக்கதவு ஒன்றுதான். பொறியை இயக்கியதும் 'எது வேண்டும்?' என்று பட்டியல் காட்டும் 'கிரப்' என்னும் நிரலே அக்கதவு. பழைய பொறிகளில் அதன் தொடக்கப் பகுதி வன்தட்டின் முதல் 512 பைட்டுகளுக்குள் இருக்கும். அவற்றிலும் 64 பைட்டுகள் பிரிவு அட்டவணைக்குப் போய்விடும். நிரலுக்குக் கிடைப்பது 446 மட்டுமே. அங்கே இரண்டு கிரப்புகளுக்கு இடமேது? புதிதாக வரும் லினக்ஸ், பழையதன் மேல் தன்னுடையதை எழுதிவிடுகிறது. பட்டியலில் பழைய முறைமையைக் காணாத மாணவர், அது அழிந்தே போயிற்று என்று பதறுகிறார். உண்மையில் அது தன் பிரிவில் அப்படியே இருக்கிறது, வழிதான் மறைந்துவிட்டது. பதற்றத்தில் வன்தட்டு முழுவதையும் அழித்து மீண்டும் நிறுவினால்தான் செய்முறைக் குறிப்புகளும் ஆய்வுக் கட்டுரையும் மெய்யாகவே போய்விடும்.

செய்ய வேண்டியது எளிது. புதிய லினக்ஸுக்குள் சென்று, மற்ற முறைமைகளைத் தேடும்படி கிரப்புக்கு ஆணையிடுங்கள். டெபியன் குடும்பத்தில் 'அப்டேட்-கிரப்' என்பது அந்த ஆணை. 2021இல் வந்த 2.06ஆம் பதிப்பு முதல் இத்தேடல் இயல்பாகவே முடக்கப்பட்டுள்ளது. அமைப்புக் கோப்பில் அத்தடையை முதலில் நீக்க வேண்டும். பிற லினக்ஸ்களின் கருநிரல் மாறும்போதும், கதவுக்குச் சொந்தமான லினக்ஸிலிருந்து இதைத் திரும்பச் செய்யுங்கள்.

யூ.ஈ.எஃப்.ஐ. முறையிலான புதிய பொறிகளில் ஒவ்வொரு லினக்ஸுக்கும் தனி உறை உண்டு. ஆகவே இந்தச் சண்டை குறைவு. உபுண்டுவின் இரு பதிப்புகளை வைத்தால் மட்டும் இரண்டும் ஒரே உறைக்குப் போட்டியிடும்.

உங்கள் கோப்புகளைத் தனிப் பிரிவில் வையுங்கள். பயனர் அமைப்புகள் அடங்கிய 'ஹோம்' பகுதியை முறைமைகளுக்கிடையே பொதுவாக்க வேண்டாம். ஒரு பதிப்பின் அமைப்பு மற்றொன்றுக்கு ஒத்துவராது. கோப்பின் உரிமையாளரை லினக்ஸ் அறிவது பெயரால் அன்று, எண்ணால். எனவே எல்லாவற்றிலும் உங்கள் பயனர் எண் ஒன்றாக இருக்கட்டும். முதல் பயனருக்குப் பெரும்பாலும் 1000 என்றே கிடைக்கும். ஒரு முறைமையை முழுதாக நிறுத்தாமல் உறக்கநிலையில் விட்டிருந்தால், பொதுப் பிரிவை இன்னொன்றிலிருந்து திறக்காதீர்கள். விழித்தெழும் முதல் முறைமை, தன் நினைவிலுள்ள பழைய நிலையையே நம்பி எழுதிக் கோப்புகளைச் சிதைத்துவிடும்.